எந்த ஸ்பைடர்மேனை முதலில் வாங்குவது? ஆசியக் கைகளில் மாறிய சூப்பர் ஹீரோ காமிக்ஸ்

2023-ல் வந்த ‘அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில் பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேன் கொஞ்ச நேரம்தான் தலைகாட்டினான். அந்தக் கொஞ்ச நேரமே பலரை காமிக்ஸ் கடைப் பக்கம் தள்ளிவிட்டது. தேடிப் போனவர்களுக்கு ஒரே குழப்பம். ‘மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) ஸ்பைடர்மேன்’, ‘ஜப்பானிய பேட்மேன்’, ‘இந்திய ஸ்பைடர்மேன்’ என்று எல்லாம் ஒரே அலமாரியில் வந்து நிற்கின்றன. அலமாரி ஒன்று என்பதால் சரக்கும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. 1966-ல் ஜப்பானியச் சிறுவர் வார இதழுக்காக வரைந்த பேட்மேனுக்கும், 2021-ல் ஒரு ஜப்பானிய ஓவியர் அமெரிக்க வண்ண இதழுக்காகத் தீட்டிய எக்ஸ்-மென்னுக்கும் உள்ள தூரம், நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள தூரம்.

பெரும்பாலானவர்கள் பிடித்த ஹீரோவின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். பாதிப் பணம் அங்கேயே வீணாகிறது. பார்க்க வேண்டியது இதுதான்: இந்தப் புத்தகத்தில் மாறியிருப்பது ஊரும் உடையும் மட்டுமா, கதை சொல்லும் முறையும் சேர்ந்தா? ஊர் மட்டும் மாறியவை ஒரு வாசிப்போடு சலித்துவிடுகின்றன. பக்கத்தை அடுக்கும் விதமே மாறியவைதான் திரும்பத் திரும்ப எடுக்க வைக்கின்றன.

இதற்கு நல்ல உரைகல் இரண்டு ஸ்பைடர்மேன்கள்.

கோமோரி யூ, பவித்ர் பிரபாகர்

முதலாமவன் ஜப்பானியன். ரியோய்ச்சி இகெகாமி வரைந்து, கோடான்ஷா நிறுவனத்தின் மாத இதழில் 1970 ஜனவரியிலிருந்து 1971 செப்டம்பர் வரை வந்தது. பீட்டர் பார்க்கருக்குப் பதில் கோமோரி யூ என்ற பள்ளிக்கூடப் பையன். கதிரியக்கம் பட்ட சிலந்தி கடிப்பது, தானே வலைத் திரவம் செய்துகொள்வது, எலக்ட்ரோ, லிஸார்ட், மிஸ்டீரியோ என்று தொடக்கத்தில் அமெரிக்கக் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. பாதி வழியில் எழுத்து கசுமாசா ஹிராய் கைக்கு வந்த பிறகு கதை இருண்டுபோகிறது. யூ நல்லது செய்யப் போகும் இடமெல்லாம் யாராவது ஒருவருக்குக் கெட்டது நடக்கிறது. முகமூடியைக் கழற்றினால் தெரிவது வெற்றி பெற்றவனின் முகம் இல்லை. எதையோ தொலைத்த பதினேழு பதினெட்டு வயதுப் பையனின் முகம்.

இரண்டாமவன் நம்மவன். கோதம் என்டர்டெயின்மென்ட் குழுமம், ஸ்பைடர்மேனின் சொந்தக்காரரான மார்வெல் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த 4 இதழ்கள்; அமெரிக்காவில் வெளியானது 2005-ல். சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் ஜே. காங் ஆகிய மூவரின் படைப்பு; ஓவியம் காங். கிராமத்திலிருந்து உதவித்தொகை பெற்று மும்பைப் பள்ளிக்கு வரும் பவித்ருக்கு ஒரு யோகி சக்தி கொடுக்கிறார். உடையில் வேட்டி. மேரி ஜேன் இங்கே மீரா ஜெயின், மே அத்தை மாயா ஆகிறாள், பென் மாமா பீம் ஆகிறார். வில்லன் நார்மன் ஆஸ்பார்ன், நளின் ஓபராய் என்ற தொழிலதிபராகி, தாயத்து ஒன்றின் வழியாக அரக்கனாகிறார்.

படித்துப் பார்த்தால் இந்தியப் பதிப்பில் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். வேட்டி அதற்குக் காரணமல்ல. வேட்டி அழகாகவே பறக்கிறது. கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, யோகி. பீட்டரைச் சிலந்தி கடித்தது தற்செயல். அங்கே யார் நின்றிருந்தாலும் கடித்திருக்கும். தற்செயலாகக் கிடைத்த சக்திக்குத் தானே பொறுப்பேற்றுக்கொள்வதுதான் அந்தக் கதையின் முதுகெலும்பு. பவித்ருக்கோ சக்தி விதிப்படி வருகிறது. அரக்கனை எதிர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அவன். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்குக் கடமை உண்டு, குற்றவுணர்வு அவ்வளவாக ஒட்டாது. மாமா சாவு இங்கேயும் நடக்கிறது; ஆனால் அது கதையைத் தாங்கும் தூணாக நிற்காமல் வழியில் வரும் ஒரு நிறுத்தமாகப் போய்விடுகிறது. புராணத்தைக் கொண்டுவந்ததால் இந்தியத்தன்மை கூடியது, ஸ்பைடர்மேன்தன்மை குறைந்தது.

இரண்டு, பக்கக் கணக்கு. அமெரிக்க இதழ் ஒன்றில் கதைக்குக் கிடைப்பது 20 முதல் 22 பக்கம். 4 இதழ் என்றால் 90-க்கும் குறைவு. அதற்குள் ஊர், குடும்பம், சக்தி கிடைப்பது, மாமா சாவு, இரண்டு பெரிய வில்லன்கள், இறுதிச் சண்டை எல்லாம் அடங்க வேண்டும். மும்பை ஒரு பின்னணித் திரையாகச் சுருங்கிவிடுகிறது. இகெகாமிக்கு ஏறக்குறைய இரண்டு வருட மாத இதழ்கள் கிடைத்தன. 1962-ல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 11 பக்கத்தில் முடித்த தோற்றக் கதையை அவர் அவசரமே இல்லாமல் சொல்கிறார். யூ அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு, சுவரில் கை ஒட்டிக்கொண்டதைப் பார்த்து மிரள்வதற்கு, மழை பெய்வதற்கு என்று கட்டங்கள் ஒதுக்குகிறார். மங்காவின் பலமே இப்படி ‘ஒன்றும் நடக்காத’ கட்டங்கள்தான்.

ஆக, தரத்தில் இகெகாமிக்கே என் ஓட்டு. ஆனால் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மார்வெல் இதை ஆங்கிலத்தில் 1997-லிருந்து 1999 வரை 31 மெல்லிய இதழ்களாக வெளியிட்டது. அது முழுக் கதை இல்லை. இருண்ட பிற்பகுதி வருமுன்பே நின்றுவிட்டது. போதாததற்குப் பக்கங்களை இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டிருந்தார்கள். பழைய இதழ் விற்பவர்கள் ‘முழு செட்’ என்று சொன்னால், 31 இதழும் இருக்கிறது என்றுதான் பொருள். கதை முடிகிறது என்று பொருளல்ல.

பவித்ரை விட மனமில்லாதவர்கள் 2005 கதையை ஒரு ஆவணமாக வாங்கலாம். அவனை மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்றால், 2023-ல் நிகேஷ் சுக்லா எழுதிய 5 இதழ்த் தொடர் இன்றைய வாசிப்புக்கு இலகு. இரண்டும் ‘ஸ்பைடர்மேன்: இந்தியா’ என்ற ஒரே பெயரில்தான் இருக்கின்றன. அட்டையில் எழுத்தாளர் பெயரைப் பார்க்காமல் வாங்கினால் ஒன்றுக்கு மற்றொன்று வந்து சேரும்.

(சிவகாசி லயன் காமிக்ஸில் படித்த ‘ஸ்பைடர்’ இந்தக் குடும்பத்தில் யாருக்கும் உறவில்லை. அவன் பிரிட்டன் காமிக்ஸ்காரன்.)

குவாட்டாவின் பேட்மேன்: ஒரே சரக்கு, இரண்டு புத்தகம்

ஆடம் வெஸ்ட் நடித்த பேட்மேன் டிவி தொடர் ஜப்பானுக்குப் போனபோது, அங்கே ஒரு பதிப்பகம் உரிமை வாங்கி ஜிரோ குவாட்டாவிடம் கொடுத்தது. 1966 ஏப்ரல் முதல் 1967 மே வரை வரைந்தார். அதற்கு முன்பே, இதே ஹிராயின் எழுத்தில் ‘எயிட் மேன்’ என்ற இயந்திர மனிதன் தொடரை வரைந்து பெயர் வாங்கியவர் அவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய பேட்மேன் ஓடும்போது உடம்பு முழுக்க வேகக் கோடாக மாறிவிடுகிறது.

இதில் முதலில் படிக்க வேண்டிய கதை லார்ட் டெத் மேன் வரும் கதை. மண்டையோட்டு முகமூடி போட்டவன். பிடிபட்டதும் செத்துப்போகிறான், புதைத்த பிறகு எழுந்து வருகிறான். 1966-ல் ‘பேட்மேன்’ 180-வது இதழில் வந்த அமெரிக்கக் கதைதான் இதற்கு மூலம். மூலத்தில் அவன் யோகாவால் மூச்சையும் துடிப்பையும் அடக்கிச் செத்தவன்போல் கிடப்பான். அமெரிக்கர்கள் ஒரே இதழில் முடித்துவிட்டுப் போனதைக் குவாட்டா வார இதழுக்கு ஏற்றபடி நீட்டினார். நீட்டியதால் ஒரு புதிய தேவை வந்தது: ஒவ்வொரு வார முடிவிலும் வாசகனைத் தொங்கலில் விட வேண்டும். அதற்காக அவர் சிரிக்கும் மண்டையோட்டைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அருகில் காட்டுகிறார். மூலத்தில் வெறும் தந்திரக்காரனாக இருந்தவன் இங்கே கெட்ட கனவாகிறான். பின்னாளில் எழுத்தாளர் கிராண்ட் மாரிசன் ‘பேட்மேன் இன்கார்ப்பரேட்டட்’ தொடருக்கு இவனைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஜப்பானுக்குப் போன சரக்கு மெருகேறி அமெரிக்காவுக்கே திரும்பி வந்த கதை இது.

இனி வாங்குவது. புத்தக வடிவமைப்பாளர் சிப் கிட் தொகுத்து 2008-ல் பாந்தியன் பதிப்பகம் வெளியிட்ட ‘பேட்-மங்கா!’ ஒன்று. பேட்மேனின் சொந்தக்காரரான டிசி நிறுவனம் 2014-லிருந்து 2016-க்குள் 3 தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘ஜிரோ குவாட்டா பேட்மங்கா’ இன்னொன்று.

கிட்டின் புத்தகம் பழைய இதழ்ப் பக்கங்களை அப்படியே நிழற்படம் எடுத்து அச்சிட்டது. மட்டமான காகிதம் மஞ்சளித்தது, மை பின்பக்கம் கசிந்தது எல்லாம் தெரியும். நடுவில் அந்தக் கால ஜப்பானிய பேட்மேன் தகரப் பொம்மைகளின் படங்கள் வேறு. பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் சேகரிப்பாளரிடம் இருந்த இதழ்களை வைத்துத் தொகுத்தது என்பதால் சில கதைகளுக்குத் தலை உண்டு, வால் இல்லை. முதல் பதிப்பின் அட்டையில் குவாட்டா பெயர் இல்லாததற்கு அப்போதே நிறையப் பேர் கோபப்பட்டார்கள், கோபம் நியாயமானது.

கதை படிக்க விரும்புபவருக்கு டிசியின் 3 தொகுதிகள். வடிவமைப்புப் பைத்தியம் உள்ளவருக்குக் கிட். இரண்டையும் வாங்கினால் பல கதைகள் இரட்டிக்கும்.

வலமிருந்து இடம்: முதல் இருபது பக்கம்தான் கஷ்டம்

டிசி தொகுதிகளும், கீழே வரும் புதிய மங்காக்களின் ஆங்கிலப் பதிப்புகளும் ஜப்பானிய முறையில் வலமிருந்து இடமாகப் போகின்றன. புத்தகத்தின் முதுகு வலது கைப் பக்கம் இருக்கும்படி பிடிக்க வேண்டும். நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் முன்னட்டை. பக்கத்தில் மேல் வலது மூலைக் கட்டத்தில் தொடங்கி இடப்பக்கம் போய், பிறகு கீழ் வரிசை. ஒரு கட்டத்துக்குள் இரண்டு பேச்சுக் குமிழி இருந்தால் வலது குமிழி முதலில்.

இதில் எல்லாரும் வழுக்கும் இடம் குமிழிதான். கட்டங்களைச் சரியாக வலமிருந்து படித்துவிட்டு, கட்டத்துக்குள் போனதும் கண் பழக்கதோஷத்தில் இடது குமிழிக்குத் தாவிவிடும். “நான்தான்” என்பது முதலில் வரும், “யார் அங்கே?” என்பது பிறகு வரும். பதில் கேள்விக்கு முன்னால் வருகிறது என்றால் கதையில் கோளாறு இல்லை, கண்ணில்தான். எந்தக் கட்டம் அடுத்தது என்று சந்தேகம் வந்தால் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியைப் பாருங்கள். மங்காவில் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே மெல்லியதாக இருக்கும். மெல்லிய கோட்டைத் தாண்டி முடித்துவிட்டுத்தான் அகலக் கோட்டைத் தாண்ட வேண்டும்.

அப்படியானால் பக்கத்தைத் திருப்பி அச்சிட்டால் என்ன என்று தோன்றலாம். பழைய ஆங்கிலப் பதிப்புகள் பல அதைத்தான் செய்தன. கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஆகிவிடும். வலக்கைக்காரர் எல்லாரும் இடக்கைக்காரர் ஆவார்கள், சட்டைப் பொத்தான் பக்கம் மாறும், கடைப்பலகை எழுத்தைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பேட்மேனுக்கும் ஸ்பைடர்மேனுக்கும் மார்புச் சின்னம் இருபக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் தப்பிக்கலாம். சூப்பர்மேனைத் திருப்பினால் அவர் நெஞ்சில் இருக்கும் ‘எஸ்’ திரும்பிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்திலும் கையால் திருத்த வேண்டும்.

குமிழியின் வடிவமும் மாறாமல் வந்துவிடுகிறது. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடும், அதனால் குமிழி உயரமாக, ஒல்லியாக இருக்கும். அதற்குள் ஆங்கில வார்த்தைகளையே உடைத்து உடைத்துத்தான் திணிக்கிறார்கள். தமிழில் கொண்டுவந்தால் பாடு இன்னும் அதிகம்: ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லை ஒல்லிக் குமிழிக்குள் அடைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் வசனத்தைச் சுருக்கியே ஆக வேண்டும்.

கறுப்பு வெள்ளை என்று தயங்க வேண்டியதில்லை. 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த கண்களுக்கு அது புதிதல்ல. கவனிக்க வேண்டியது அச்சுத் தரத்தை. மங்காவில் சாம்பல் நிறம் என்பது உண்மையில் சாம்பல் மை கிடையாது. ஸ்க்ரீன் டோன் எனப்படும் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளின் கூட்டம். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் திருட்டு நகல்களில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். குறைந்த தரத்தில் ஸ்கேன் செய்த கோப்பைத் திரையில் சுருக்கிப் பார்த்தாலோ, பட்டுப்புடவை மினுமினுப்பதுபோல் அலை அலையாகக் கோடு தெரியும். ஓவியரைத் திட்ட வேண்டாம்.

சிரிக்க வேண்டுமென்றால்

அண்மைக்கால ஜப்பானியப் படைப்புகள் ஹீரோவை இடம் மாற்றுவதை விட்டுவிட்டு, கதையின் இனத்தையே மாற்றுகின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு இவைதான் வசதி: சில தொகுதிகளில் முடிந்துவிடும், ஐம்பது வருடப் பின்கதை தெரிய வேண்டியதில்லை.

‘டெட்பூல்: சாமுராய்’ (கதை சான்ஷிரோ கசாமா, ஓவியம் ஹிகாரு உவேசுகி) ஷோனென் ஜம்ப்+ என்ற ஜப்பானிய மங்கா இணையதளத்தில் வந்து 2 தொகுதியாகத் தொகுக்கப்பட்டது. டெட்பூலுக்குத் தான் ஒரு காமிக்ஸ் பாத்திரம் என்பது தெரியும். இங்கே தான் இப்போது மங்காவுக்குள் இருக்கிறோம் என்பதும் தெரியும். ஜம்ப் இதழின் வழக்கங்களைக் கிண்டல் செய்தே பாதிச் சிரிப்பு. ‘மை ஹீரோ அகாடமியா’ மங்காவின் ஆல் மைட் கூட எட்டிப் பார்க்கிறார். இரண்டு மூன்று ஷோனென் (பையன்களுக்கான மங்கா) தொடராவது படித்திராதவருக்கு இந்தச் சிரிப்பில் பாதி கை நழுவிவிடும்.

சதோஷி மியாகவா எழுதிய இரண்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ‘ஒன் ஆப்பரேஷன் ஜோக்கர்’: ரசாயனத் தொட்டியில் விழுந்த பேட்மேன் கைக்குழந்தையாகிவிட, ஜோக்கர் அவனை வளர்க்கிறான். இரவில் பால் கரைப்பது, அழுகையை நிறுத்துவது என்று முழுக்கப் பிள்ளை வளர்ப்புக் கதை. ‘சூப்பர்மேன் வெர்சஸ் மெஷி’: மெஷி என்றால் சோறு. மதிய இடைவேளையில் சூப்பர்மேன் ஜப்பானுக்குப் பறந்து போய்ச் சாதாரண உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். வில்லன் கிடையாது; எதை ஆர்டர் செய்வது என்பதே போராட்டம். இரண்டும் மும்மூன்று தொகுதி. ஜப்பானில் சாப்பாட்டுக் கதை என்பது தனி இனமாகவே வளர்ந்து நிற்கும் ஒன்று. அதன் அச்சில் சூப்பர்மேனை ஊற்றியிருக்கிறார்கள். மேலே சொன்ன ‘சொல்லும் முறை மாறுவது’ என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. பசியோடு படிக்காதீர்கள்.

யூசுகே ஓசாவாவின் ‘ஸ்பைடர்மேன்: ஃபேக் ரெட்’ இவற்றோடு சேராது, ஆனால் இங்கே சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் படிக்கும் யூ என்ற பையனுக்கு (இவன் கோமோரி யூ அல்ல) ஸ்பைடர்மேனின் உடை கிடைக்கிறது, சக்தி கிடைப்பதில்லை. பாறை ஏறும் விளையாட்டில் கொஞ்சம் பழக்கம், அவ்வளவே. சுவரில் ஒட்டாத கையோடு சுவர் ஏறுகிறான். விரல் எங்கே பிடிக்கிறது, கால் எங்கே ஊன்றுகிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும்போது விளையாட்டு மங்காவின் பயிற்சி முழுக்கத் தெரிகிறது. ஆங்கிலத்தில் ஒரே தொகுதி. யூவோடு சேர்ந்து நமக்கும் கை வியர்க்கும்.

இடமிருந்து வலம், ஆனால் ஆசியக் கை

திசை மாற்றிப் படிக்க மனமில்லையா? அமெரிக்க வடிவத்துக்குள் நுழைந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

பீச் மோமோகோ இவர்களில் தலை. 2021 மார்ச்சில் தொடங்கிய ‘டீமன் டேஸ்’ 5 இதழ்களாக வந்தது. அதே ஆண்டு சிறந்த அட்டை ஓவியருக்கான ஐஸ்னர் என்ற அமெரிக்க காமிக்ஸ் விருதும் அவருக்கு. நீர்வண்ணம், கோடு கரைந்து வண்ணத்துக்குள் போய்விடும். எக்ஸ்-மென் நாயகி சைலாக் இங்கே ஊர் ஊராகத் திரியும் வாள்வீராங்கனை, லோகன் (வுல்வரின்) அவளோடு வரும் ஓநாய், வெனம் ஒரு பாம்பு, ஹல்க் ஓனி எனப்படும் ஜப்பானிய அரக்கன். பவித்ர் கதையிலும் புராணம் வந்தது, இங்கேயும் வருகிறது. ஒன்று ஒட்டவில்லை, மற்றது ஒட்டுகிறது. ஏன்? மோமோகோ ஸ்பைடர்மேனின் தோற்றக் கதையைப் போல ஏற்கெனவே இறுக்கமாகக் கட்டிய ஒன்றை எடுத்து அதற்குள் புராணத்தைச் செருகவில்லை. நாட்டுப்புறக் கதையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குள் யாரெல்லாம் வரலாம் என்று மார்வெல் பாத்திரங்களை அழைக்கிறார். சட்டையைப் பிரித்து வேட்டியாக்காமல், புதிதாகவே நெய்கிறார். குறை சொல்ல வேண்டுமென்றால் கதை மெல்லியது. வசனத்தை மட்டும் ஓட்டிப் படிப்பவருக்கு அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2024-ல் அவர் தொடங்கிய ‘அல்டிமேட் எக்ஸ்-மென்’ இதைவிட நீண்ட ஓட்டம், ஜப்பானியப் பள்ளிக்கூடப் பேய்க்கதையின் மணம். வாங்கும்போது தனி இதழ்களையும் தொகுப்பையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். உள்ளே அதே கதை.

சுதோமு நிஹெய்யின் ‘ஸ்னிக்ட்!’ (2003, 5 இதழ்) வுல்வரினை மனித இனம் அழியும் நிலையில் இருக்கும் எதிர்காலத்தில் தூக்கிப் போடுகிறது. நிஹெய் கட்டடக்கலை படித்தவர். பக்கம் பக்கமாக ராட்சத இடிபாடுகள், அவற்றின் நடுவே எறும்பளவு மனிதர்கள். வசனம் மிகச் சொற்பம். வுல்வரினின் பேச்சுக்காக வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். கட்சுஹிரோ ஓட்டோமோ ‘பேட்மேன்: பிளாக் அண்ட் ஒயிட்’ தொடரில் 1996-ல் வரைந்த எட்டுப் பக்கக் கதையும் இந்த வகைதான், அதற்காக மட்டும் தொகுப்பு வாங்க வேண்டாம், வாங்கினால் தவறவிடவும் வேண்டாம்.

குரிஹிரு என்ற பெயரில் இணைந்து வரையும் இரண்டு ஜப்பானியப் பெண்களும், ஜீன் லுவென் யாங் என்ற சீன அமெரிக்க எழுத்தாளரும் சேர்ந்து செய்த ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த க்ளான்’ வேறு தினுசு. 1946-ல் சூப்பர்மேன் வானொலித் தொடரில் கு க்ளக்ஸ் க்ளான் போன்ற ஒரு வெள்ளை இனவெறிக் கூட்டத்தை எதிர்த்து வந்த கதையை எடுத்துக்கொண்டார்கள். சைனாடவுனிலிருந்து மெட்ரோபொலிசுக்குக் குடிவரும் லீ குடும்பம். அக்கம்பக்கத்தாரோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் அண்ணன், ஒட்ட முடியாத தங்கை ராபர்ட்டா. சூப்பர்மேன் இன்னும் பறப்பதில்லை. மின்கம்பிகள் மேல் ஓடுகிறார். பறக்க முடியாதவர் என்பதற்காக அல்ல. பறந்தால் தான் வேற்றுக்கிரகத்தான் என்பது வெளிப்பட்டுவிடுமே என்ற பயம் அவரைத் தரையில் பிடித்து வைத்திருக்கிறது. பேச்சுவழக்கை மறைத்துக்கொள்ளும் குடியேறியின் பயம் அது. ஊரை மாற்றவில்லை, உடையை மாற்றவில்லை, புராணம் எதையும் கொண்டுவரவில்லை. சூப்பர்மேனை ஒரு குடியேறியின் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாவற்றிலும், கதை என்ற அளவில் மிக முழுமையானது இதுவே.

எதில் படிக்கப் போகிறீர்கள்?

காகிதத்திலா, கைபேசியிலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்க இதழ்ப் பக்கம் சுமார் 17 செ.மீ. அகலம். ஆங்கில மங்காத் தொகுதி 12.7 செ.மீ. சாதாரணக் கைபேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. மங்கா பாதியளவுக்குச் சுருங்கும். கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் படித்துவிடலாம். அமெரிக்கப் பக்கம் ஐந்தில் இரண்டு பங்காகிவிடும். பெரிதாக்காமல் எழுத்து தெரியாது. மோமோகோவின் நீர்வண்ணத்தைக் கைபேசியில் பார்ப்பது கோபுரத்தைச் சாவித் துளை வழியாகப் பார்ப்பதற்குச் சமம்.

கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி செயலிகளில் இருக்கிறது. அமெரிக்கக் காமிக்ஸுக்கு ஒருமாதிரி ஒத்துவரும். மங்காவுக்கு வேண்டாம்: இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரியும் பெரிய காட்சி துண்டாகிவிடும், பக்கத்தைப் புரட்டியதும் கிடைக்கும் திடுக்கிடலும் போய்விடும். டேப்லெட்டில் படுக்கை வாட்டில் வைத்து இரண்டு பக்கமாகப் படியுங்கள். அப்படி வைத்ததும் விரிகாட்சியின் இரு பாதியும் வேறு வேறு திரையில் விழுந்தால், கோப்பில் அட்டைக்குப் பிறகு ஒரு வெற்றுப் பக்கம் கூடவோ குறையவோ இருக்கிறது என்று பொருள். செயலியில் ‘அட்டையைத் தனிப் பக்கமாகக் காட்டு’ என்பதை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கைபேசிக்கென்றே பிறந்தது கொரிய வெப்டூன் வடிவம். மேலிருந்து கீழாக விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். கோ யங்-ஹூன் 2014-ல் தொடங்கிய ‘அவெஞ்சர்ஸ்: எலெக்ட்ரிக் ரெயின்’ மார்வெல் பாத்திரங்களை இந்த வடிவத்துக்குள் கொண்டுவந்தது, வைட் ஃபாக்ஸ் என்ற கொரிய நாயகி பிறந்ததும் அதில்தான். இந்த வடிவத்தில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் நேரம். நீண்ட வெள்ளை என்றால் நீண்ட மௌனம். விழுபவன் மூன்று திரை நீளத்துக்கு விழுவான். 2021-ல் வந்த ‘வேய்ன் ஃபேமிலி அட்வென்ச்சர்ஸ்’ இந்த வடிவத்தில் டிசி செய்தது. பேட்மேன் வீட்டுப் பிள்ளைகளின் அன்றாடக் குறும்பு. இதைக் கைபேசியிலேயே படியுங்கள். அச்சுத் தொகுதிக்காகக் கட்டங்களை வெட்டிப் பக்கத்தில் அடுக்கும்போது அந்த வெற்றிடம்தான் முதலில் பலியாகிறது.

கடைசியாக, ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால்: வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த க்ளான்’. மங்கா என்றால் என்ன என்று தொட்டுப் பார்க்க நினைக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு ‘ஃபேக் ரெட்’. ஓவியம் பயில்பவருக்கு ‘டீமன் டேஸ்’, அதுவும் கிடைக்கும் மிகப் பெரிய அளவில். பழைய காமிக்ஸின் மை வாசனைக்கு மயங்குபவருக்குக் குவாட்டாவின் முதல் தொகுதி. டெட்பூலை மட்டும் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல் தட்டில் வையுங்கள்; மங்காவானாலும் அவன் வாய் மாறவில்லை.